சக்கரம் இல்லாமல் வனைந்த கருப்புக் கலயம்: பியூப்லோ மண்பாண்டம் பற்றி ஒரு கேள்வி

நொய்யல் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சென்னிமலைக்கும் நொய்யலுக்கும் நடுவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டில் மண்பாண்டம் வனைந்து வருகிறார்கள். அப்பாரு காலத்தில் மொடாவும் தாழியும் வண்டி ஏறிச் சந்தைக்குப் போயின. அப்பா காலத்தில் அது கார்த்திகை விளக்கு, பொங்கல் பானை, மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு, கல்யாண வீட்டுக்கு அரசாணிப் பானை என்று சுருங்கிவிட்டது. முழங்கால் வலி வந்த பிறகு அவர் சக்கரத்தில் உட்காருவதே ஆண்டுக்கு இரண்டு மாதம்தான்.

சென்ற தை மாதம், அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் குடியிருக்கும் என் அக்கா ஊருக்கு வந்தபோது, புடவைகளுக்கு நடுவில் பொதிந்து ஒரு கருப்புக் கலயத்தைக் கொண்டுவந்தாள். உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். முகம் பார்க்கலாம் போல மினுங்குகிறது. தோளைச் சுற்றி மட்டும், மினுக்கமே இல்லாத கரிக் கருப்பில் கொம்பு முளைத்த பாம்பு ஒன்று வளைந்து ஓடுகிறது. அடியில் செய்தவர் பெயரும் சான் இல்டெஃபோன்சோ என்ற ஊர்ப்பெயரும் கீறப்பட்டுள்ளன. அவர் குடும்பத்தில் இது ஐந்தாவது தலைமுறை என்றும், தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்வது வழக்கம் என்றும் விற்றவரே சொன்னாராம்.

அப்பா கலயத்தை வாங்கி, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சக்கரத்துல வெச்சது இல்ல கண்ணு, சக்கரம் ஏறியிருந்தா உள்ள வரி ஓடும்" என்றார். பிறகு வெகுநேரம் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், மினுக்கமும் மினுக்கமின்மையும் ஒரே கருப்பில் எப்படி வந்தன, வரைந்தது சுடுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. விலை அறுநூறு டாலர் என்று அக்கா சொன்னதும் அவர் கலயத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

அப்பாவின் கேள்விகளை அப்படியே இங்கே வைக்கிறேன். என்னுடையது ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. மண் மிதிப்பதும் சலிப்பதும் அடுக்குவதும் நாங்கள் செய்த வேலைதான் என்றாலும், பெண்கள் சக்கரத்தில் உட்காரக் கூடாது என்ற வழக்கத்தால் எனக்கோ அக்காவுக்கோ வனையத் தெரியாது. அந்த ஊரில் மட்டும் இது எப்படித் தாய்வழியாக வந்தது? சக்கரம் இல்லாத முறை என்றால், இனிமேல் நான் கற்றுக்கொள்ள முடியுமா?

பெருந்துறையான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். ஒன்பது ஆண்டுகள் நியூ மெக்ஸிகோவின் சாண்டாஃபே நகரில் வேலை பார்த்தவன் என்பதால், பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர். பியூப்லோ என்பது ஸ்பானிய மொழியில் ஊர் என்று பொருள்படும் சொல். மண்ணாலும் கல்லாலும் அடுக்கு வீடுகள் கட்டி, ஊராகக் கூடி வாழ்ந்த பழங்குடிகளைக் கண்ட ஸ்பானியர்கள் அவர்களுக்கு வைத்த பொதுப்பெயர் அது. நியூ மெக்ஸிகோவில் இன்று பத்தொன்பது பியூப்லோக்கள் உள்ளன. அரிசோனாவில் ஹோப்பி மக்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் மண் வேறு, பாண்டத்தின் சாயல் வேறு. உங்கள் கலயம் வந்த சான் இல்டெஃபோன்சோ, சாண்டாஃபேக்கு வடமேற்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர்.

உங்கள் அப்பா சொன்னது சரி. சக்கரம் அங்கே இல்லை. ஆழமில்லாத தட்டு ஒன்றில் அடிப்பகுதியை அழுத்தி எடுத்து, அதன் விளிம்பின் மேல் முறுக்குக்கு மாவு உருட்டுவது போல மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றுகிறார்கள். சுரைக்காய் ஓட்டின் துண்டால் உள்ளும் புறமும் சுரண்டி வளையத்தின் தடம் தெரியாமல் சமன் செய்கிறார்கள். மண் வெறும் மண்ணாக இருந்தால் வெடிக்கும் என்பதால் எரிமலைச் சாம்பல் பொடியைக் கலக்கிறார்கள். அக்கோமா என்ற வேறொரு பியூப்லோவில், உடைந்த பழைய பாண்டங்களை இடித்துச் சலித்துப் புதுமண்ணில் சேர்ப்பது வழக்கம். பாட்டி செய்த பானை உடைந்தாலும் பேத்தி செய்யும் பானைக்குள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலயம் காய்ந்ததும் இரும்புச் சத்துள்ள செம்மண் கரைசலைப் பல முறை பூசுகிறார்கள். பூச்சின் ஈரம் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் தழும்பாகத் தெரியும் என்பதால் ஒரே இருப்பில் தேய்த்து முடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது எது என்று என்னைக் கேட்டால் இந்தக் கல்லைத்தான் சொல்வேன். பாட்டியின் கையில் தேய்ந்து இன்னும் வழவழப்பான கல் மகளுக்கும் பேத்திக்கும் போகிறது. அதைத் தொலைத்தால் வீட்டில் இழவு விழுந்தது போல வருந்துவார்கள்.

பாம்பு வரைந்தது சுடுவதற்கு முன்புதான். தேய்த்து மினுக்கிய பரப்பின் மேல், யுக்கா செடியின் இலை நுனியை மென்று நாராக்கிய தூரிகையால் களிமண் கரைசல் கொண்டு வரைகிறார்கள். வரைந்த இடத்தைத் தேய்ப்பதில்லை. ஆகவே சூட்டுக்குப் பின் அது மினுங்காமல் நிற்கிறது. இரண்டும் ஒரே நெருப்பில் கருத்தவைதான். நெருப்பு என்றால் சூளை அல்ல, திறந்த வெளியில் மூட்டுவது. இரும்புச் சட்டத்தின் மேல் பாண்டங்களைக் கவிழ்த்து, தகரத்தால் மூடி, சுற்றிலும் மாட்டுச் சாண வரட்டியை அடுக்கி, அடியில் சீடார் விறகைப் பற்ற வைக்கிறார்கள். வெப்பம் 700 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது, பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டிக் காற்றுப் புகாமல் அணைத்துவிடுகிறார்கள். உயிர்வளி கிடைக்காத புகையில், செம்மண்ணில் இருக்கும் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு கருப்பு ஆக்ஸைடாக மாறுகிறது. கரியும் பரப்பில் படிகிறது. சாணப்பொடி போடாமல் விட்டால் அதே கலயம் சிவப்பாகவே வெளியே வரும்.

கொம்புப் பாம்பின் பெயர் அவான்யு. நீரைக் காக்கும் பாம்பு. மழைக்கு ஏங்கும் நாட்டில் அதைப் பானையில் வரைவதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கருப்பின் மேல் கருப்பு முறையைக் கண்டவர்கள் மரியா மார்ட்டினெஸும் அவர் கணவர் ஹூலியனும். மரியா 1887ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து 1980இல் மறைந்தவர். நிக்கோலாசா என்ற உறவுக்கார மூத்த பெண்மணியைப் பார்த்துத்தான் சிறுமியாக வனையக் கற்றார். 1908ஆம் ஆண்டையொட்டி, அருகிலிருந்த பழைய குடியிருப்புகளை எட்கர் ஹியூவெட் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தபோது கிடைத்த ஓடுகளைக் காட்டி, இவற்றைப் போல முழுப் பானை செய்ய முடியுமா என்று மரியாவிடம் கேட்டார். மரியா வனைந்தார், ஹூலியன் வரைந்தார். அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை பார்த்தபடியே ஹூலியன் பழைய பானைகளின் கோலங்களைப் பார்த்துக் கற்றார் என்பதை நான் வியப்போடு படித்திருக்கிறேன். மினுக்கிய கருப்புப் பாண்டம் அந்த வட்டாரத்தில் முன்பே உண்டு. அதன் மேல் மினுக்கமற்ற கருப்பில் வரையும் முறை 1919ஆம் ஆண்டையொட்டி இவர்கள் கையில் கைகூடியது. ஆகவே உங்கள் அக்காவிடம் சொல்லப்பட்ட ஐந்து தலைமுறை உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோலம் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1943இல் ஹூலியன் மறைந்த பிறகு மருமகள் சாண்டானா வரைந்தார். பின்னர் மகன் போபோவி டா தாயோடு சேர்ந்தார். பாண்டத்தின் அடியில் இருக்கும் பெயரைப் பார்த்தே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்: முதலில் மேரி, பிறகு மேரியும் ஹூலியனும், பிறகு மேரியும் சாண்டானாவும், 1956 முதல் மரியாவும் போபோவியும். வெள்ளைக்காரர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் தொடக்கத்தில் மேரி என்று எழுதினார். பெயர் இருந்தால் கூடுதல் விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஊரில் மற்ற பெண்கள் தங்கள் பானைகளையும் நீட்ட, அவர் அவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். பழம்பொருள் வணிகர்களுக்குத்தான் அது தலைவலி.

தாராபுரம் சூளைக்காரர் எழுதியது:

அம்மணிக்கு, நாற்பது வருடம் சூளை வைத்தவன் என்கிற உரிமையில் சில வார்த்தைகள்.

பெண்கள் வனைவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பானை செய்வதில் பாதி வேலையைப் பெண்கள்தான் செய்கிறார்கள் என்பதை உங்கள் அப்பத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். சக்கரத்திலிருந்து அறுத்து இறக்கும்போது பானைக்கு அடியே கிடையாது; கழுத்தும் கனத்த சுவரும்தான் இருக்கும். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி, சுவரை மெலிய வைத்து, அடியை மூடி வட்டமாக்குவதில்தான் பானை பானையாகிறது. எங்கள் வீட்டில் அதை என் தாயார் செய்தார்கள், பிறகு என் வீட்டுக்காரி செய்தாள். சக்கரம் மட்டும்தான் தொழில் என்று நினைத்துக்கொண்டு, தெரிந்த வேலையைத் தெரியாது என்று சொல்லக் கூடாது. கையால் திரித்து ஏற்றும் முறையைக் கற்றுக்கொள்ள உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. மண்ணைப் பற்றிய அறிவு உங்கள் காலிலேயே இருக்கிறது.

அடுத்தது கருப்பு. சூளையில் காற்று அடைத்துப் போனால் பானை கருக்கும் என்பது எந்தக் குயவருக்கும் தெரியும். நமக்கு அது நட்டம், அவர்களுக்கு அதுவே வேலைப்பாடு. வரட்டிக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் நம் ஏரி மண்ணில் மணல் அதிகம். கல் கொண்டு தேய்த்தால் மணல் உருண்டு வந்து கோடு கிழிக்கும். கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் மெல்லிய வண்டலை மட்டும் எடுத்துப் பூச வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் கேட்டு வைக்கிறேன். அறுநூறு டாலர் கலயத்தில் தண்ணீர் ஊற்றலாமா? 700 டிகிரியில் சுட்டு, மேலே தேய்த்து மட்டும் விட்டால் நீர் கசியும் என்றே என் அனுபவம் சொல்கிறது. நான் நூற்று ஐம்பது ரூபாய்க்கு விற்கும் வடச்சட்டியில் மூன்று வருடம் குழம்பு வைக்கலாம்.

பெருந்துறையான் எழுதியது:

ஐயா சொல்வது உண்மை. அந்தக் கருப்புக் கலயத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரம் பட்டால் மினுக்கம் கெட்டு வெளிறிய தடம் விழும். சகோதரி, பூ வைக்கலாம் என்று நினைத்திருந்தால் அக்காவைத் தடுத்துவிடுங்கள். சமையலுக்கென்றே செய்யும் பாண்டம் அங்கேயும் உண்டு. தாவோஸ், பிகுரிஸ் என்ற பியூப்லோக்களில் அபிரகம் (மைக்கா) நிறைந்த மண்ணால் செய்யும் சட்டிகளில் அவரை வகைகளை வேகவைப்பார்கள். அவை நெருப்பைத் தாங்கும். அடுப்புக்குப் போன பாண்டத்தை அலுமினியமும் எனாமலும் அங்கேயும் ஒழித்தன. இரயில் வந்து, அதில் சுற்றுலாக்காரர்கள் வந்து, அலமாரியில் வைக்க வாங்கியதால்தான் வனைவது நின்றுபோகவில்லை. சாண்டாஃபேயில் ஆண்டுதோறும் கூடும் 'இந்தியச் சந்தை', அதாவது அமெரிக்கப் பழங்குடியினரின் சந்தை, 1922இல் தொடங்கியது. செய்தவரே தம் பெயரோடு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வாங்குபவர் அவர் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் கேட்டு வாங்குவார். விலையில் பாதி அந்தப் பெயர்களுக்குத்தான். உங்கள் வடச்சட்டியை உங்களிடம் வாங்கியவருக்கு உங்கள் பெயர் தெரியுமா என்பதையும் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய ஓடு எழுதியது:

பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே மரியாவைப் பற்றிச் சொன்னார்கள். நம்பேயோவைச் சொல்லாமல் விட்டால் கதை குறையாகிவிடும்.

நம்பேயோ அரிசோனாவில் ஹோப்பி நாட்டு ஹானோ என்ற ஊரைச் சேர்ந்தவர். 1859ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து 1942இல் மறைந்தார். அவர் இளமையில் ஊரில் செய்துவந்த பாண்டங்கள் முற்காலத்தவற்றோடு ஒப்பிடத் தக்கவையாக இல்லை. பாழடைந்து கிடந்த சிக்யாட்கி என்ற பழைய ஊரின் ஓடுகளில் பறவை இறகுகளும் வளைவுகளும் மஞ்சள் பரப்பில் வரையப்பட்டிருந்ததைப் பார்த்து, அந்த மண்ணையும் அந்தக் கோலத்தையும் தேடிப் பிடித்தார். 1895இல் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸ் என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தபோது நம்பேயோவின் கணவர் லேசூ அந்தக் குழியில் வேலை செய்தார் என்பதால் கதையை அகழாய்வின் கணக்கில் எழுதுவோர் உண்டு. அதற்கு முன்பே நம்பேயோ பழைய ஓடுகளைப் பார்த்து வனையத் தொடங்கிவிட்டார் என்பதே சரி. கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கிய பிறகும் கைத்தடவலிலேயே வனைந்தார். வண்ணம் தீட்டியவர்கள் குடும்பத்தார். ஆனி, நெல்லி, ஃபானி என்ற மூன்று மகள்களும் குயவர்களானார்கள். அவர் வழிவந்தோரில் பலர் நம்பேயோ என்பதையே தம் பெயரோடு சேர்த்துக் கையெழுத்திடுகிறார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சகோதரியின் ஊரிலிருந்து கொடுமணல் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கருப்பு சிவப்புப் பாண்டங்களில் வாயும் உட்புறமும் கருப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கருத்தது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். பெருந்துறையான் சொன்ன அதே வேதியியல்தான். செம்பழுப்புப் பூச்சுடன் வெண்ணிற அலைக்கோடுகள் ஓடும் பாண்டங்களும் கொடுமணலில் கிடைத்திருக்கின்றன. ஓடுகளில் தமிழ் பிராமியில் ஆட்பெயர்கள் கீறியிருக்கின்றன. அவை பெரும்பாலும் உடையவரின் பெயர்களாகக் கருதப்படுகின்றன. வனைந்தவர் தம் பெயரைக் கீறும் வழக்கம் நம்மிடம் வளராமல் போனதைச் சூளைக்கார ஐயாவிடம் கேட்கப்பட்ட கேள்வியோடு சேர்த்து யோசிக்கலாம்.

அவான்யு பாம்பை மட்டும் எடுத்துச் செய்து விற்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அது ஒரு மக்களின் வழிபாட்டோடு கலந்தது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடியினர் செய்ததாகக் காட்டி விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் காங்கேயத்துக்கு வராது. என்றாலும், நம் வீட்டுக் கல்யாண அரசாணிப் பானையை எங்கோ ஒருவர் பூந்தொட்டியாக அச்சிட்டு விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? கல்லால் தேய்க்கும் வித்தையை எடுத்துக்கொள்ளலாம். அது எவருக்கும் தனியுடைமை அல்ல. கோலம் வேண்டுமென்றால், சென்னை அருங்காட்சியகம் வரை போகாமல், கொடுமணல் பாண்டங்களின் படங்களை முதலில் அப்பாவிடம் காட்டுங்கள்.

நொய்யல் மகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வளையம் வைத்து ஏற்றும் முறையைக் கேட்டதும் சிரித்து, அப்பத்தா தானியம் போட்டு வைக்கும் மண் குதிர்களை அப்படித்தான் கையால் ஏற்றுவார்கள் என்றும், சக்கரத்தில் வைக்க முடியாத அளவு பெரியதை வேறு எப்படிச் செய்வது என்றும் கேட்டார். இத்தனை நாள் அதை எங்களிடம் சொன்னதே இல்லை. கேட்டதும் இல்லை என்பது எங்கள் குறை. தட்டுப்பலகை பற்றிய குட்டு எனக்கு வேண்டியதுதான்.

பங்குனியில் ஐந்து சிறு கலயங்கள் ஏற்றினேன். முதல் இரண்டு காயும்போதே வெடித்தன. சாளையில் கிடந்த உடைந்த மொடாவை இடித்துச் சலித்து மண்ணோடு கலந்த பிறகு மற்ற மூன்றும் நின்றன. காவி கரைத்துப் பூசி, நொய்யல் மணலில் பொறுக்கிய கல்லால் தேய்த்தேன். ஒன்றில் பூச்சு செதிலாக உரிந்தது. வரட்டி அடுக்கி, குதிரைச் சாணத்துக்கு எங்கே போவது என்று மாட்டுச் சாணத்தையே பொடித்துக் கொட்டி மூடினோம். விடிந்து எடுத்தபோது ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் செங்கல் நிறம், நடுவில் சாம்பல் மேகம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடுனது பத்தல, காத்து மேக்கால இருந்து வந்திருக்குது" என்றார். அடியில் பெயர் கீறலாமா என்று கேட்டதற்கு, கருப்பு சீராக வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பூச்சு உரிந்ததற்கு என்ன காரணம் என்று சூளைக்கார ஐயா சொன்னால் அடுத்த முறைக்கு உதவும்.

தாராபுரம் சூளைக்காரர் எழுதியது:

கலயம் எலும்பு போலக் காய்ந்த பிறகு கெட்டியாகப் பூசியிருப்பீர்கள். பூச்சு சுருங்கும்போது கலயம் கூடவே சுருங்காது. அதனால் செதில் கிளம்புகிறது. பால் போல நீர்க்கக் கரைத்து, ஐந்தாறு தடவை பூசுங்கள். பூசுவதற்கு முன் ஈரத் துணியால் கலயத்தை ஒரு முறை துடைத்துக்கொள்ளுங்கள். காவியோடு, கலயம் செய்த அதே மண்ணின் வண்டலையும் பாதி சேர்த்தால் ஒட்டும். மேற்குப் பக்கம் இரண்டு தகரம் மறைப்பு வைத்துவிட்டு மூட்டுங்கள். ஆடிக் காற்று தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.